எவ்வளவு நீளப் பெயரானாலும்

கள்ளக்குறிச்சியில் கச்சிராயபாளையம் சாலை தொடங்கும் இடத்தில் கண்ணகி பாத்திரக் கடை இருந்தது. கடைக்கு மருமகளின் பேரை வைத்தவர் மாமனார். அவருக்கு மூங்கில்துறைப்பட்டுப் பக்கம் கரும்பு நிலம். மூத்த மகன் நிலத்தைப் பார்த்துக்கொண்டான். இளையவன் தெய்வசிகாமணிக்கு உழவு ஒத்துவரவில்லை. சேலத்தில் ஒரு பாத்திரப் பட்டறையில் இருந்து பேர் வெட்டக் கற்றுக்கொண்டு வந்திருந்தான். கை வேலை சுத்தம். ஆனால் ஆளைப் பார்த்து ‘வாங்க’ என்று சொல்வதற்குள் வந்தவர் அடுத்த கடைக்குப் போய்விடுவார். மருமகள் கண்ணகியோ பஸ்ஸுக்கு நிற்பவர்களையே பேசி உள்ளே அழைத்துவிடுவாள். பலகையில் அவள் பேர் இருந்தால் வியாபாரமும் அவள் பொறுப்பாகிவிடும் என்று பெரியவர் நினைத்தார். அப்படியே ஆனது.

கடை திறந்தது எண்பத்தொன்றில். ஊரில் ஏற்கெனவே பழைய பாத்திரக் கடைகள் இரண்டு இருந்தன. கல்யாணச் சீர் என்றால் சனங்கள் கண்ணை மூடிக்கொண்டு அங்கேதான் போவார்கள். புதுக் கடைக்கு ஆள் வரவேண்டுமானால் ஏதாவது இலவசம் கொடுக்கவேண்டும் என்று சேலத்திலிருந்து வந்த ஒரு ஏஜெண்ட் சொன்னான். மீன் வடிவத்தில் சிவப்புப் பிளாஸ்டிக் கீ செயின், வயிற்றில் கடையின் பேர். கண்ணகிக்கு அதைப் பார்த்ததும் பிடித்துவிட்டது. ஒரு சாக்கு நிறைய வாங்கினார்கள்.

கரும்பு வெட்டுகிறவர்களுக்கும் மலையிலிருந்து இறங்கி வருகிறவர்களுக்கும் கீ செயினில் மாட்ட சாவி ஏது? வீட்டுக்கு ஒரு பூட்டு, அதன் சாவி வாசல் நிலைக்கு மேலே. வாங்கிப் போனவர்கள் குழந்தைகளுக்குக் கொடுத்தார்கள். ஒருநாள் கடை வாசலில் ஒரு வெள்ளாடு நின்றுகொண்டிருந்தது. அதன் கழுத்தில் சிவப்பு மீன் தொங்கியது. கண்ணகி வெகுநேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“இந்த ஆடு போய் நமக்கு ஆள் கூட்டிக்கினு வருமாங்க?” என்று உள்ளே பார்த்துக் கேட்டாள்.

தெய்வசிகாமணி சிரித்தான். அவன் சிரிப்பதே அபூர்வம் என்பதால் அவளுக்குக் கோபம் போய்விட்டது.

அடுத்த வருடம் தினசரி காலண்டர் அடித்தார்கள். அது பொங்கல் கழிந்துதான் வந்து சேர்ந்தது. அதற்குள் எல்லா வீட்டு ஆணியிலும் வேறு காலண்டர் ஏறியிருந்தது. பஸ் நிலைய டீக்கடையில் அந்தத் தாள்களில் பஜ்ஜி மடித்துக் கொடுத்தார்கள். எண்ணெய் ஊறிய தன் பேரைப் பார்த்துக்கொண்டே கண்ணகி இரண்டு பஜ்ஜி தின்றாள்.

உண்மையான யோசனையைக் கொண்டுவந்தவர் லட்சுமியம்மாள் என்ற பெரிய மனுஷி. சின்னசேலம் பக்கத்திலிருந்து வந்திருந்தார். வந்ததும் ஒரு குண்டானைக் கல்லாவின் மேல் ஓங்கி வைத்தார். அது இந்தக் கடைச் சாமான்கூட இல்லை. பழைய கடையில் வாங்கியது. அங்கே எழுத்துக்கு இவ்வளவு என்று பேர் வெட்டக் கூலி. காசை மிச்சம் பிடிக்க அவர் மகன் ‘லட்சுமி’ என்று வெட்டினால் போதும் என்று சொல்லிவிட்டான். அந்த வீட்டில் லட்சுமி என்பது ஓரகத்தியின் பேர். பாகம் பிரித்தபோது குண்டான் ஓரகத்திக்குப் போய்விட்டது. ஊரைக் கூட்டி நியாயம் பேசி மீட்டு வந்திருக்கிறார்.

“மீதிப் பேர வெட்டிக் குடும்மா. யம்மாள் உட்டுப்போச்சி,” என்றார்.

தெய்வசிகாமணி வெட்டிக் கொடுத்தான். கூலி எவ்வளவு என்று அவர் கேட்டபோது கண்ணகி வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். அவள் மனம் வேறெங்கோ ஓடிக்கொண்டிருந்தது. பேர் வெட்டக் கொடுக்கும் பெண்கள் விரல்விட்டு எழுத்தை எண்ணுவதை அவள் எத்தனையோ முறை பார்த்திருக்கிறாள். இனிஷியலை விடுவார்கள், ‘அம்மாள்’ விடுவார்கள், சிலர் பாதிப் பேரோடு திருப்திப்படுவார்கள். ஒரு பாத்திரம் அறுபது வருடம் ஒரு வீட்டில் இருக்கும். அதன்மேல் பாதிப் பேர்தான் இருப்பதா?

மறுவாரம் கடை வாசலில் புதுப் பலகை தொங்கியது: ‘பெயர் வெட்டுவது இலவசம். எவ்வளவு நீளப் பெயரானாலும்.’

அதற்கப்புறம் அந்தப் பக்கத்து நீளப்பேர்க்காரர்கள் எல்லாம் கண்ணகி கடைக்குத்தான் வந்தார்கள். அப்பா பேர், தாத்தா பேர், ஊர்ப் பேர் என்று சேர்த்துக்கொண்டே போனார்கள். ஒருவர் தன் வீட்டு அண்டாவில் வாங்கிய தேதியும், அன்று நல்ல மழை என்பதும் இருக்கவேண்டும் என்றார். தெய்வசிகாமணி அதையும் வெட்டினான். வெட்டுகிற நேரத்தில் பேச வேண்டியதில்லை என்பதே அவனுக்குச் சந்தோஷம்.

கல்வராயன் மலையில் தும்பைக்காடு என்ற ஊரிலிருந்து வந்த மாதன்தான் இந்த இலவசத்தில் முதல் குறை சொன்னவர். ஐம்பது வயதிருக்கும். சாமையும் கேழ்வரகும் விற்றுவிட்டு ஒரு தவலை வாங்கியிருந்தார். பலகையைப் படிக்கச் சொல்லிக் கேட்டார்.

“நீளப் பேர் வெச்சிக்கினவனுக்குதான் லாபம். எம்பேரு மூணே எழுத்து. எங்க மலையில எல்லாம் இப்பிடித்தாம்மா, சின்னச் சின்னப் பேரு. எங்களுக்கு இன்னா குடுப்ப?”

கண்ணகிக்குச் சிரிப்பு வந்தது, பிறகு அவர் கேட்பது நியாயம் என்று பட்டது. மலையில் ஒரு வீட்டு விசேஷத்துக்கு எல்லா வீட்டுப் பாத்திரமும் போகும், திரும்பி வரும்போது கலந்துவிடும், எழுத்துப் படிக்கத் தெரிந்தவர்களும் கம்மி என்று அவர் பேச்சிலிருந்து தெரிந்தது. அப்படியானால் பேருக்குப் பக்கத்தில் ஒரு படமும் இலவசம் என்றாள். மாதன் ஒரு சேவல் கேட்டார். தெய்வசிகாமணி வெட்டிய சேவல் கொண்டையைச் சிலிர்த்துக்கொண்டு நின்றது. அந்தச் சேவல் மலை ஏறிப் போனதுதான் தாமதம், பலாப்பழம், தேனடை, சாமைக் கதிர் என்று கேட்டு ஆட்கள் இறங்கி வரத் தொடங்கினார்கள். ஒரு வீட்டுப் படம் இன்னொரு வீட்டுக்கு வரக்கூடாது என்பது அவர்களே வைத்துக்கொண்ட சட்டம்.

கடை நிமிர்ந்தது. கண்ணகிக்கும் தெய்வசிகாமணிக்கும் பிள்ளை மட்டும் இல்லை. முதல் சில வருடம் ஆஸ்பத்திரி, கோயில் என்று போனார்கள். பிறகு போவதை நிறுத்திவிட்டார்கள். இருவரும் அதைப் பற்றிப் பேசிக்கொள்வதையும் நிறுத்தியிருந்தார்கள்.

எண்பத்தேழு செப்டம்பர் வந்தது. இட ஒதுக்கீடு கேட்டு அவர்கள் சாதிச் சங்கம் ஒரு வாரம் சாலை மறியல் அறிவித்திருந்தது. வட மாவட்டங்கள் முழுக்க அதே பேச்சு. கண்ணகியின் தம்பி தங்கதுரை அதில் முன்னால் நின்றான். பி.ஏ. படித்தவன். நான்கு வருடமாக எல்லாப் பரீட்சையும் எழுதிவிட்டு, ஆலைக்குக் கரும்பு ஏற்றும் டிராக்டரோடு போய்க்கொண்டிருந்தான். “எங்க சனத்துக்குள்ள பங்க எங்களுக்குக் குடுன்னுதான கேக்கறோம்,” என்பான். கண்ணகி அவனை எதிர்த்துப் பேசியதில்லை. அவன் அடிபடக்கூடாதே என்ற பயம்தான் அவளுக்கு.

மறியல் தொடங்கிய காலையில் சாலையோரப் புளியமரங்களைச் சாய்த்துப் போட்டுவிட்டார்கள். ஒரு பஸ் ஓடவில்லை. கடைத்தெரு முழுக்க அடைத்துக் கிடந்தது. மத்தியானத்துக்கு மேல் பாதி இறக்கிய ஷட்டரைத் தட்டும் சத்தம் கேட்டு கண்ணகி குனிந்து பார்த்தாள். மாதன் நின்றார். அவருக்குப் பின்னால் அவர் மகள் சாமியம்மாள், பழைய சேலையில் சுற்றிய பச்சைக் குழந்தையோடு.

தலைப்பிரசவம். கால் வீங்கிப்போனதால் முன்கூட்டியே மலையிலிருந்து இறக்கி அரசு ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார். பெண் குழந்தை. தாயும் பிள்ளையும் நன்றாக இருக்கிறார்கள், வீட்டுக்குப் போகலாம் என்று அனுப்பிவிட்டார்கள். பஸ் நிலையத்துக்கு வந்தால் பஸ் இல்லை. இந்த ஊரில் மாதனுக்குத் தெரிந்த ஒரே இடம் சேவல் வெட்டிக் கொடுத்த கடைதான்.

“ஒரு ஓரமா இருந்துட்டுப் போறோம்மா,” என்றார்.

“ஓரமா எதுக்கு? உள்ள வாங்க,” என்று கண்ணகி குழந்தைக்காகக் கையை நீட்டினாள்.

கடைக்குப் பின்னால்தான் அவர்கள் குடியிருந்தார்கள். ஒரு அறை, சமையல்கட்டு, கிணற்றடி. அறையைச் சாமியம்மாளுக்குக் கொடுத்தார்கள். மாதன் கடைக்குள் அண்டாக்களுக்கு நடுவில் படுத்துக்கொண்டார். அறிவித்தபடியே மறியல் நாள்கணக்கில் நீடித்தது. கண்ணகி பூண்டு தட்டிப் போட்டுக் கஞ்சி வைத்தாள், வெந்நீர் போட்டாள், குழந்தையைக் காலில் போட்டுக் குளிப்பாட்டினாள். இதெல்லாம் அவளுக்கு யார் சொல்லிக்கொடுத்தது என்று சாமியம்மாள் கேட்டாள். அக்கா பிள்ளைகளுக்குச் செய்திருக்கிறேன் என்று கண்ணகி பதில் சொன்னாள். குழந்தை அழுதால் தெய்வசிகாமணி ஒரு சின்ன டம்ளரையும் கரண்டியையும் எடுத்து மெல்லத் தட்டுவான். கடையில் இருந்த நூறு டம்ளரையும் தட்டிப் பார்த்து எதன் சத்தத்துக்கு அழுகை நிற்கிறது என்று கண்டுபிடித்து வைத்திருந்தான்.

தாய்க்குப் பால் சரியாக ஊறவில்லை. தெருவில் பசு வைத்திருந்த வீட்டிலிருந்து பால் வாங்கித் தண்ணீர் சேர்த்துக் காய்ச்சிக் கொடுத்தார்கள். அதற்காகக் கண்ணகி ஒரு எவர்சில்வர் பாலாடையை எடுத்தாள். உள்ளங்கைக்குள் அடங்கும், மூக்கு வைத்த சின்னக் கிண்ணம். அதைச் சாமியம்மாளிடம் கொடுத்து, இது பாப்பாவுக்குக் கடையின் அன்பளிப்பு, என்ன பேர் வெட்டலாம் சொல் என்றாள்.

சாமியம்மாள் தன் அப்பனைப் பார்த்தாள். பிறகு வெட்கத்தோடு சொன்னாள். “எங்க சனத்துல யாருக்கும் பெரிய பேரே கெடையாதுக்கா. ஓசிதான? நல்லா நீட்டா ஒண்ணு வெச்சிக் குடுங்க.”

எல்லோரும் சிரித்தார்கள். கண்ணகி தனக்குத் தெரிந்த நீளப் பேர்களையெல்லாம் சொல்லிப் பார்த்தாள். ஒன்றும் அந்தச் சின்ன முகத்துக்குப் பொருந்தவில்லை, பாலாடையிலும் இடம் போதாது. அப்போது ஸ்டூலில் உட்கார்ந்திருந்த தெய்வசிகாமணி வாயைத் திறந்தான்.

“மணிமொழி,” என்றான்.

கண்ணகி திரும்பி அவனைப் பார்த்தாள். கல்யாணமான முதல் வருடம், பெண் பிறந்தால் இந்தப் பேர்தான் என்று அவன் அவளிடம் சொல்லியிருந்தான். அவனாகவே பேச்செடுத்துச் சொன்ன மிகச் சில விஷயங்களில் அது ஒன்று. அவன் மறந்திருப்பான் என்று அவள் நினைத்திருந்தாள். அவன் அவளைப் பார்க்காமல் பாலாடையை விரலால் சுற்றிக்கொண்டே இருந்தான். கொடுக்கலாமா என்று அவளிடம் கேட்கிறான் என்பது அவளுக்குப் புரிந்தது.

“நல்ல பேரு. அதையே வெட்டுங்க,” என்றாள்.

எத்தனை எழுத்து என்று மாதன் கேட்டார். நான்கு என்றாள் கண்ணகி. அவர் விரலை மடித்துப் பார்த்தார்.

“என்னுத விட ஒண்ணு ஜாஸ்தி. போதும்,” என்றார்.

மறியலில் கரண்டும் போயிருந்ததால் பேர் வெட்டும் மிஷின் ஓடாது. உளியும் சுத்தியும் வைத்துத்தான் வெட்டவேண்டும். குழந்தை அப்போதுதான் தூங்கியிருந்தது. தெய்வசிகாமணி பாலாடையை எடுத்துக்கொண்டு கிணற்றடிக்குப் போனான். அங்கேயும் சத்தம் கேட்கும் என்று தோன்றவே, சாக்கை நான்காக மடித்துப் போட்டுக்கொண்டு தெருக்கோடிக்கே போய் ஒரு வேப்பமரத்தடியில் உட்கார்ந்து வெட்டினான். கண்ணகி வாசலில் நின்று அவன் முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தாள். முடித்தபிறகும் அவன் உடனே எழுந்து வரவில்லை.

மறுநாள் தங்கதுரை வந்தான். தாடி மண்டி, சட்டையெல்லாம் மரத்தூளாக இருந்தான். சாலையில் இருக்கும் பையன்களுக்குக் கஞ்சி காய்ச்ச ஒரு பெரிய அண்டா கேட்டு வந்திருந்தான். அறைக்குள்ளிருந்து குழந்தை அழும் சத்தம் கேட்டு அக்காவைப் பார்த்தான். அவள் விஷயத்தைச் சொன்னாள்.

“அவ புருசன் மலைமேல இருக்கான். கொழந்த பொறந்ததே தெரியாது அவனுக்கு,” என்றாள்.

தங்கதுரை கீழே பார்த்தான். கச்சிராயபாளையம் சாலையில் மரம் சாய்த்தவர்களில் அவனும் ஒருவன். மாதன் அவன் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, எதற்காக இந்த மறியல் என்று விசாரித்தார். அவரிடம் கோபம் எதுவும் இல்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார். தங்கதுரை படிப்பையும் வேலையையும் பங்கையும் பற்றிச் சொன்னான். மாதன் முழுக்கக் கேட்டுவிட்டு, இந்தப் பாப்பா படித்தால் அவளுக்கும் அப்படி ஏதாவது உண்டா என்று கேட்டார். மலைச் சனங்களுக்குத் தனிப் பங்கு ஏற்கெனவே இருக்கிறது என்றான் தங்கதுரை.

“அப்பிடியா? எங்க ஊருக்கு யாரும் வந்து சொல்லலியே தம்பி,” என்றார் மாதன்.

தங்கதுரை அண்டாவை எடுத்துக்கொண்டு போனான். சாயங்காலம் திரும்பி வந்து, காலையில் கிளம்பலாம் என்றான். வண்டிதான் போகாது, ஆள் போகலாம். ஒவ்வொரு மரத்துக்கும் இந்தப் பக்கம் ஒரு மாட்டு வண்டி, அந்தப் பக்கம் ஒரு மாட்டு வண்டி என்று அந்தந்த ஊர்ப் பையன்களிடம் பேசி வைத்திருந்தான்.

விடிந்ததும் புறப்பட்டார்கள். கண்ணகியும் கூடப் போனாள். குழந்தை அவள் கையில் இருந்தது. மரம் விழுந்து கிடக்கும் இடம் வந்ததும் பையன்கள் சாமியம்மாளைக் கடை ஸ்டூலில் உட்காரவைத்து நான்கு பேராகத் தூக்கினார்கள். மறியல் தொடங்கிய அன்று கோடாலியோடு நின்றவர்கள், கிளை அவள்மேல் உரசாமல் ஒருவன் ஒதுக்க, இன்னொருவன் கால் வைக்க இடம் பார்த்துச் சொல்ல, முட்டையைத் தூக்குவதுபோலத் தூக்கினார்கள். குழந்தையைக் கைமாற்றித் தாருங்கள் என்று அவர்கள் கேட்டபோது கண்ணகி தரவில்லை. சேலையைச் சொருகிக்கொண்டு தானே ஏறி இறங்கினாள்.

கச்சிராயபாளையம் தாண்டிக் கோமுகி அணைப் பக்கம் வந்தபோது எதிரே ஒருவன் ஓடிவந்தான். சாமியம்மாளின் புருஷன். பஸ் வரவில்லை என்றதும் மலையிலிருந்து நடந்தே இறங்கி, சாலையில் அடிதடி என்று யாரோ பயமுறுத்த, மேலே போவதா வேண்டாமா என்று அங்கேயே தவித்துக்கொண்டிருந்திருக்கிறான். பெண்டாட்டியைப் பார்த்து அழுதுவிட்டான். குழந்தையை வாங்கத் தெரியாமல் கையைப் பின்னால் கட்டிக்கொண்டான். கண்ணகி அவன் கையைப் பிடித்து, இப்படி வை, தலைக்குக் கீழே இப்படி, என்று காட்டி, அதில் குழந்தையை வைத்தாள்.

“மணிமொழின்னு பேரு. எறக்கி உட்டா அழுவா, நடந்துக்கினே இரு,” என்றாள்.

அவன் மலையைப் பார்த்து நடந்தான். சாமியம்மாள் போவதற்கு முன் கண்ணகியின் இரண்டு கையையும் எடுத்துத் தன் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். திரும்பும் வழியில் கண்ணகி வண்டியில் உட்கார்ந்திருந்தாள். தங்கதுரை வண்டிக்குப் பக்கத்திலேயே நடந்து வந்தான். ஊர் நெருங்கும்போது, “நான் பண்ணது தப்பாக்கா?” என்று கேட்டான். தப்பு ஒன்றும் இல்லை, உனக்கு வேலை கிடைக்கட்டும் என்றுதான் நானும் சாமியைக் கும்பிடுகிறேன், ஆனால் மரத்தைச் சாய்க்குமுன் அந்தப் பக்கம் யார் மாட்டிக்கொள்வார்கள் என்று ஒரு தடவை நினைத்துப் பார் என்று அவள் சொன்னாள்.

அந்த வாரத்தில் பல இடங்களில் துப்பாக்கிச் சூடு நடந்து உயிர்கள் போயின. தங்கதுரையைப் பிடித்துக் கடலூர்ச் சிறையில் வைத்தார்கள். கண்ணகி போய்ப் பார்த்து வந்தாள். வெளியே வந்தவன் இன்னும் பல பரீட்சை எழுதினான். எண்பத்தொன்பதில் மிகவும் பிற்படுத்தப்பட்டோருக்கு இருபது சதவீதம் வந்தது. அதற்கு மறுவருடம் அவனுக்கு ஒரு கூட்டுறவு சங்கத்தில் எழுத்தர் வேலை கிடைத்தது.

கடையில் மறுபடி வியாபாரம் தொடங்கியபோது கண்ணகி பலகையில் இன்னொரு வரி சேர்த்தாள். தன் கடையில் கல்யாணச் சீர் எடுத்தவர்களுக்கு முதல் குழந்தை பிறந்தால், குழந்தையோடு வந்து பேர் வெட்டிய பாலாடை ஒன்றை இலவசமாகப் பெற்றுக்கொள்ளலாம். வியாபாரி என்ற முறையில் அது கெட்டிக்காரத்தனம். கல்யாணத்தோடு மறந்துபோகிற கடைக்கு ஒன்றிரண்டு வருடத்தில் அந்தக் குடும்பமே திரும்பி வந்தது. கூட வரும் அத்தையும் சித்தியும் சும்மா போவதில்லை. பழைய கடைக்காரர் ஒருவர் போட்டியாகப் பிளாஸ்டிக் பால் புட்டி கொடுத்துப் பார்த்தார். அதில் பேர் வெட்ட முடியாது. ஆனால் கண்ணகியின் கணக்கு அதுமட்டுமா என்றால், சந்தேகம்தான். குழந்தையைக் கல்லாவுக்கு மேல் படுக்கவைத்து, அதன் பேரை மூன்று தடவை கூப்பிட்டுப் பார்த்துவிட்டுத்தான் பாலாடையைக் கணவனிடம் நீட்டுவாள். சீர் எடுக்காத ஏழைகள் வந்தாலும் கொடுத்தாள். ரசீது எங்கே என்று அவள் கேட்டதே இல்லை.

இப்படி ஒரு பாலாடை ஒருநாள் திரும்பி வந்தது. கருணாபுரத்தில் கூலி வேலை செய்யும் பூமாலை என்பவன் அதைக் காகிதத்தில் சுற்றிக் கொண்டுவந்தான். அவனும் அவன் மனைவி கமலாவும் சில மாதங்களுக்கு முன் வந்து வாங்கிப்போனது. ‘ஆயம்மாள்’ என்று வெட்டியிருந்தது. பூமாலையின் அம்மா பேரைத்தான் பெண் குழந்தைக்கு வைத்திருந்தார்கள். குழந்தை பேதியில் போய்விட்டது என்றான்.

“வூட்டுல இருந்தா அவ இதையே பாத்துக்கினு ஒக்காந்துக்கினு இருக்கா. நீங்களே வெச்சிக்கங்கம்மா,” என்றான்.

பேரை அழித்துவிட்டு வேறு யாருக்காவது கொடுங்கள் என்றும் சொன்னான். வெட்டிய பேரை அழிக்க முடியாது என்று கண்ணகி அவனிடம் சொல்லவில்லை. வாங்கிக்கொண்டாள். அவன் போனபின் தெய்வசிகாமணி வேலையை வைத்துவிட்டு எழுந்தான். இந்த இலவசமே வேண்டாம், நிறுத்திவிடலாம் என்றான். குழந்தை ஒரு வருடம் தாண்டட்டும், அப்புறம் வெட்டிக்கொள்ளலாம் என்றான்.

“அது போயிட்டாலும் அதுக்குன்னு ஒரு பேரு இருந்திச்சில்ல,” என்றாள் கண்ணகி. “ஒரு வருசம் பேரில்லாம வெச்சிருந்து போயிருந்தா, கமலா இப்ப எதச் சொல்லி அழுவா? நீங்க வெட்டுங்க. எல்லாத்துக்கும் வெட்டுங்க.”

பழைய பாத்திரங்களை எடைக்கு எடுத்துப் போட்டுவைக்கும் மூட்டைக்கு அந்தப் பாலாடை போகவில்லை. கண்ணகி அதைத் துடைத்து, கல்லாவுக்குப் பின்னால் சாமி படத்துக்குக் கீழே வைத்தாள்.

கொஞ்ச நாள் கழித்துக் கமலாவே வந்தாள். எதுவும் வாங்க வரவில்லை. கண்ணகி எதுவும் கேட்காமல் பாலாடையை எடுத்து அவள் கையில் கொடுத்துவிட்டு, வந்த வியாபாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கமலா அதை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பிறகு திருப்பிக் கொடுத்துவிட்டுப் போனாள். சந்தைக்கு வரும்போதெல்லாம் அப்படி வந்தாள். சில நாள் பேசுவாள், சில நாள் பேசமாட்டாள். டீ வாங்கிக் கொடுத்தால் குடிப்பாள். யாராவது யார் இது என்று கேட்டால், “நம்ம கமலா,” என்று மட்டும் கண்ணகி சொல்வாள்.

அவளுக்கு அடுத்துப் பையன் பிறந்தான். தங்கள் குழந்தையைத் தூக்கிக்கொண்டு புருஷனும் மனைவியும் வந்தபோது கண்ணகி புதுப் பாலாடை ஒன்றை எடுத்து வைத்திருந்தாள். கமலா அதைத் தொடவில்லை.

“புதுசு வாணாங்கா. அவங்க அக்காவோடதுலயே இவன் குடிக்கட்டும்,” என்றாள்.

கண்ணகி சாமி படத்துக்குக் கீழிருந்து அதை எடுத்துப் புளி போட்டுத் தேய்த்துக் கழுவினாள். ஆயம்மாள் என்ற பேருக்குக் கீழே சிவசங்கர் என்று தெய்வசிகாமணி வெட்டினான். வெட்டி முடித்ததும் ஊதித் துடைத்து, இரண்டு பேரையும் அவனே சத்தமாக வாசித்துக் காட்டினான். கண்ணகி அடுப்பில் பால் காய்ச்சி, ஆறவைத்து, அந்தப் பாலாடையிலேயே ஊற்றிக் கமலாவிடம் கொடுத்தாள். கமலா கடை வாசற்படியில் உட்கார்ந்து மகனுக்குப் புகட்டினாள். அவன் பாதியைக் குடித்து மீதியைக் கழுத்தில் வழியவிட்டு அங்கேயே தூங்கிப்போனான். வெயில் தாழும்வரை அவனை எழுப்பவேண்டாம் என்று கண்ணகி சொல்லிவிட்டாள்.